கயிற்றின் கடைசியில் நின்ற பிரபு

தர்மராசா என்று கேட்டால் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யாரும் ஆளைக் காட்டமாட்டார்கள். பிரபு அண்ணை என்று கேட்க வேண்டும். கேட்டால், தேநீர்க்கடை வாசலில் புதிதாக வேலைக்கு நிற்பவன்கூடக் கையை நீட்டி, "அந்தா போறார்" என்பான்.

போவது ஒரு பிரபு போகும் நடைதான். தலையில் கட்டம் போட்ட கம்பளித் தொப்பி. காதோரம் தாடைவரை இறங்கிய வெள்ளைக் கிருதா. கையில் வளைந்த பிடி வைத்த தடி. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. தடி ஊன்றுவதற்கல்ல, சுழற்றுவதற்கு. வீடு ரூ பஜோல் தெருவில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில். பிரபுவுக்குச் சொந்த நிலம் என்று இருந்தவை சன்னலுக்கு வெளியே வைத்த பூச்சட்டிகள் மட்டுமே. அவற்றில் கறிவேப்பிலை வைத்த சட்டி ஒவ்வொரு மாரிக்கும் செத்துப்போகும்.

பிறப்பைப் பார்த்தால் பெருமைக்குக் குறைவில்லை. ஊருக்குத் தலைமை பார்த்த விதானையார் வேலுப்பிள்ளையின் பேரன். விதானையாருக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துப் பிள்ளைகளின் வழி இப்போது கனடாவில் பரந்து கிடக்கிறது. இளைய தாரத்தின் கடைக்குட்டிதான் தர்மராசாவின் தகப்பன் சின்னத்துரை, தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். சின்னத்துரைக்கு விளையாட்டு என்ற சொல்லே ஆகாது. மகன் வீட்டுக்குள் வரும்போது முதலில் காலைப் பார்ப்பார். புழுதி இருந்தால் பூவரசங்கம்பு இறங்கும். மகன் காலைக் கழுவிவிட்டு வரப் பழகினானே ஒழிய மைதானத்தை விடப் பழகவில்லை.

எல்லா விளையாட்டும் தர்மராசாவுக்கு வரவில்லை. ஓடினால் மூச்சு வாங்கும். பந்தைப் பிடித்தால் நழுவும். கடவுள் அவருக்கென்று கொடுத்தவை இடுப்பும் குதிக்காலும்தான். கயிறிழுத்தலில் கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தாரென்றால், நட்டுவைத்த தூண்தான். முன்னுக்கு நிற்பவர்கள் வழுக்குவார்கள், விழுவார்கள், ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். தூண் அசையாது.

ஊர் விளையாட்டுப் போட்டி என்றால் கடைசி நிகழ்ச்சி எப்போதும் ஒன்றுதான்: கலியாணம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் கயிறிழுத்தல். மற்றப் போட்டிகளைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர்களும் இதற்குத் திரும்பி வந்துவிடுவார்கள். ஊர்க் கழகம் பாரிசில் கிளை திறந்தபோது வேறு எதைக் கொண்டுவராவிட்டாலும் இந்தக் கயிற்றைக் கொண்டுவந்தது. கலியாணம் செய்தவர்களின் பக்கத்தில் கடைசி ஆள், கிளை திறந்த வருடத்திலிருந்து, தர்மராசா.

இனி, பிரபு என்ற பெயர் வரக் காரணமான ஸ்கொட்லாந்துக்காரருக்கு வரவேண்டும்.

எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கியவர்களோடு தர்மராசாவும் வந்தார். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஜெனவியேவ் என்ற பெண்மணி நடத்திய சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு வெங்காயம் உரித்து, கடைசியில் சமையல்காரராகி, அங்கேயே ஓய்வும் பெற்றார். அந்தக் கடையில் சமையலறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு வழி. அதில் ஒரு பழைய படம். கட்டம் போட்ட பாவாடை, தொப்பி, கையில் தடி, காலடியில் நாய்கள்.

"யார் மதாம், இந்த அம்மா?" என்று தர்மராசா தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

ஜெனவியேவ் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அம்மா இல்லை தர்மா. அவர் ஆர்ச்சிபால்ட் பிரபு. ஸ்கொட்லாந்து. போன நூற்றாண்டில் அவரைப் போல ஒரு விளையாட்டுப் பிரியர் இல்லை."

வேட்டி கட்டிப் பழகிய தர்மராசாவுக்குப் பிறகு அந்தப் பாவாடையில் குற்றம் காண மனம் வரவில்லை.

படத்தை ஜெனவியேவின் கணவன், சென் துவான் என்ற இடத்துப் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தான். விற்றவன் சொன்ன கதையில் கணவன் கொஞ்சம் சேர்த்தான், மனைவி கொஞ்சம் சேர்த்தாள். தர்மராசாவிடம் வந்து சேர்ந்தபோது ஆர்ச்சிபால்ட் நன்றாகக் கொழுத்திருந்தார். உருளைக்கிழங்கு உரிக்கும் நேரமெல்லாம் அவர் கதைதான். மலைகளும் ஏரிகளும் ஆட்டு மந்தைகளும் அவருக்குப் பிறப்போடு வந்தனவாம். படுக்காமல் நாடு முழுவதும் நடந்து காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி நடந்தாராம். நடந்து முடித்த இடத்தில் பந்தயத்தை மறந்து நித்திரையாகிவிட்டாராம். குதிரை வளர்த்தார், ஓடவில்லை. படகு கட்டினார், மிதக்கவில்லை. பார்ப்பவர்கள் கைதட்டினால் போதும், அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு கோடையும் தன் குடியானவர்களைக் கூட்டிக் கயிறிழுக்கவைப்பார். ஒரு பக்கத்துக்குக் கடைசி ஆள் அவரேதான். வென்றவர்களுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம், ஆர்ச்சிபால்ட் கிண்ணம். நிலம் அவருடையது என்பதால் எதிர்ப்பக்கம் வெல்வதற்கு எவனுக்கும் துணிவு வரவில்லை. ஆகவே கொடுத்தவரும் அவர், வாங்கியவரும் அவர்.

"எப்படிச் செத்தார்?" என்று ஒருநாள் தர்மராசா கேட்டார்.

"கயிற்றில்தான். கிழவனான பிறகும் விடவில்லை. இழுத்தார், புல்லில் இருந்தார், சிரித்தார். பிறகு எழும்பவில்லை."

இதைவிடச் சிறந்த சாவை தர்மராசா அதுவரை கேள்விப்பட்டதில்லை. அன்றே வீட்டுக்கு வந்து மனைவி ஞானம்மாவுக்கும் சொன்னார். அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது தெரியவில்லை.

கடையை மூடியபோது ஜெனவியேவ் படத்தை அவருக்கே கொடுத்துவிட்டாள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொழுவ ஞானம்மா விடவில்லை. ஆகவே ஸ்கொட்லாந்துப் பிரபு ரூ பஜோலில் கழிப்பறைக் கதவுக்கு மேல் குடியிருந்தார். தொப்பியும் தடியும் கிருதாவும் தர்மராசாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பாவாடை வராதது ஞானம்மா இருந்ததால்.

கிண்ணம்தான் குறையாக இருந்தது. தர்மராசா பிரபு என்று பெயர் வாங்கிவிட்டார், கடைசி ஆள் என்று பெயர் வாங்கிவிட்டார். கிண்ணத்தில் பெயர் வரவில்லை. இந்த வருடம் அதை விடுவதில்லை என்று நினைத்து, ரூ லூயி-பிளாங்கில் இருக்கும் சிவமணியின் தொலைபேசிக் கடைக்குப் போனார். சிவமணி கழகத் தலைவர். தர்மராசாவின் சின்னம்மாவின் மருமகனுக்குத் தம்பி. கழகத்தின் நிர்வாகக் கூட்டம் அந்தக் கடையின் பின்னறையில்தான் நடக்கும். செயலாளர் கரிகாலனும் இருந்தார். கலியாணம், செத்தவீடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒலிவாங்கி பிடிப்பவர் அவர். மூன்றுக்கும் ஒரே குரல்.

"கயிறிழுத்தலுக்கு நான் ஒரு கிண்ணம் தாறன்" என்றார் தர்மராசா.

"நல்லது அண்ணை. ஆரின்ரை ஞாபகார்த்தமா?" என்றார் கரிகாலன்.

"என்ரை."

உடைந்த கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த சிவமணி தலையை நிமிர்த்தினார். "நீங்கள் இருக்கிறியள் அண்ணை."

"ஓம். இருக்கேக்கை வேணும் எண்டுதான் கேக்கிறன்."

"இருக்கிற ஆளை எப்பிடி ஞாபகம் வைக்கிறது?" என்றார் கரிகாலன். கேள்வி உண்மையான கேள்வி. கழகத்தில் இருந்த கிண்ணங்கள் எல்லாம் செத்தவர்களுடையவை. கரப்பந்துக் கிண்ணம் கரிகாலனின் பெரியப்பாவுக்கு. ஓட்டக் கிண்ணம் நடக்கவே மாட்டாத ஒரு சங்கக்கடை மனேச்சருக்கு.

"உங்கடை ஐயான்ரை பேரிலை வைப்பமே?" என்றார் சிவமணி.

"ஐயா கயிறைக் கண்டால் மாட்டைக் கட்டுவார். என்னைக் கண்டால் என்னையும் கட்டுவார். அவருக்கு என்னத்துக்குக் கயிறிழுத்தல் கிண்ணம்?"

"அப்ப அனுசரணை எண்டு கீழை சின்னனா உங்கடை பேரைப் போடுவம்."

"நான் என்ன மரக்கறிக் கடையே, கீழை சின்னனாப் போட? தம்பி, ஆர்ச்சிபால்ட் பிரபு தன்ரை கிண்ணத்தைத் தானே குடுத்தவர்."

"அவருக்குக் கழக யாப்பு, சட்டதிட்டம் ஒண்டும் இல்லை அண்ணை. எங்களுக்கு இருக்கு. அமரர் எண்டு போடாமல் கிண்ணம் வைக்கேலாது." சிவமணி குரலைத் தாழ்த்தினார். "காரணம் இருக்கு. ஒருக்கா உயிரோடை இருந்த ஒருத்தற்றை பேரிலை வைச்சம். அடுத்த வருசமே ஆள் எதிர்க் கழகத்துக்குப் போட்டார். செத்தவை கட்சி மாறாயினம்."

தர்மராசா தடியின் பிடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் கிண்ணம். உயிர் வெறும் எழுத்தில்தானே போகப்போகிறது என்று பட்டது.

"அப்ப அமரர் எண்டே போடுங்கோ."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உங்களுக்குப் பிரச்சினை இல்லையெண்டால்," என்றார் சிவமணி, "யாப்புக்கும் பிரச்சினை இல்லை."

வீட்டில் ஞானம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணம் சரிவந்துவிட்டது என்றபோது சிரித்தாள். என்ன எழுதுவார்கள் என்று கேட்டுத் தெரிந்ததும் கத்தி நின்றது.

"நீங்கள் அமரர் எண்டால் நான் ஆர்?"

"நீர் நீர்தான்."

"அமரற்றை கிண்ணத்தைக் குடும்பத்து ஆக்கள்தானே எடுத்துக் குடுக்கிறது? நான் தாலிக்கொடியோடை வந்து குடுக்கிறதோ, கழட்டிப்போட்டு வந்து குடுக்கிறதோ? அதையும் யாப்பிலை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கோ."

"ஒரு சொல்லுத்தானே ஞானம்."

"உங்கடை பேரும் ஒரு சொல்லுத்தான். அதுக்குத்தானே இந்த விசர் பிடிச்சுத் திரியிறியள்." கழிப்பறைக் கதவுக்கு மேலே கத்தியை நீட்டினாள். "உந்த ஆள் எப்பிடிச் செத்தது?"

தர்மராசா படத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயாலேயே சொன்ன கதை.

"கயிறிலை செத்த ஆளின்ரை கதையைக் கேட்டுப்போட்டு, கயிறிழுக்கிற கிண்ணத்திலை அமரர் எண்டு எழுதிப்போட்டு, பிறகு அதே நாளிலை போய்க் கயிறும் இழுக்கப்போறியள். என்ன? நெஞ்சு கவனம் எண்டு டொக்டர் சொன்னதையும் நான் மறந்திட்டன் எண்டு நினைச்சியளோ?"

"ஞானம்..."

"சரி. உங்கடை ஆசையை நான் ஏன் கெடுப்பான். ஆனால் செத்த ஆள் செத்த ஆளாய் இருக்க வேணும். கலியாணம் செய்தவையின்ரை பக்கத்திலை இழுக்கிறதெண்டால் பெண்சாதி இருக்க வேணும். செத்த ஆளுக்குப் பெண்சாதி இல்லை. கிண்ணமோ கயிறோ, ஒண்டை எடுங்கோ."

சொன்னதோடு விடவில்லை. கையைத் துடைத்துவிட்டுச் சிவமணிக்கே தொலைபேசி எடுத்துச் சொன்னாள். சிவமணியால் மறுக்க முடியவில்லை. யாப்பை அவரை விட ஞானம்மா நன்றாகப் படித்தது போல இருந்தது.

லா சப்பலில் ஒரு செய்தி போவதற்குத் தொலைபேசிக் கடை போதும். மறுநாள் தர்மராசா தேநீர் குடிக்கப் போனபோது, கடை வாசலில் பிரதீஸ் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். வன்னியிலிருந்து வந்து ஒரு உணவகத்தில் வேலை செய்பவன். கலியாணம் செய்யாதவர்களின் அணிக்கு அவன்தான் தலைவன். அந்த அணி எப்போதும் பெரிய அணி. தங்குவதற்குரிய அனுமதி அட்டை, காட், கிடைக்கும்வரை எவனும் கலியாணம் பேசமாட்டான், காட் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை.

"அங்கிள், இப்பதான் கேள்விப்பட்டம்" என்றான் பிரதீஸ். "ஆழ்ந்த அனுதாபங்கள்."

"டேய், தள்ளிப் போடா."

"கோவிக்காதேங்கோ அங்கிள். உங்கடை ஆன்மா சாந்தியடைய எங்கடை அணி இந்த முறை நல்லா இழுக்கும். ரீ நான் எடுத்துத் தரட்டே, இல்லாட்டி படத்துக்கு முன்னாலை வைக்கட்டே?"

கடைக்குள்ளிருந்தவர்கள் சிரித்தார்கள். தர்மராசாவும் சிரித்துவைத்தார். ஆனால் அன்று தடி சுழலவில்லை. வாய்க்கால் கரையில் நீண்ட தூரம் நடந்து பார்த்தார். கிண்ணத்தை நினைத்தால் கயிறு வந்து நின்றது, கயிற்றை நினைத்தால் கிண்ணம். ஆர்ச்சிபால்ட் பிரபுவுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அவருக்கு ஞானம்மா மாதிரி ஒருத்தி இருந்ததாக ஜெனவியேவ் சொல்லவில்லை. போட்டி நாள்வரை தர்மராசா இரண்டில் எது என்று முடிவு சொல்லவில்லை. அதற்குள் கரிகாலன் ஒபர்வில்லியேயில் ஒரு கடையில் கிண்ணத்துக்குச் சொல்லிவிட்டார்.

போட்டி லா கூர்நெவ் பூங்காவில். காலையிலிருந்தே தூறல். கூடாரத்துக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்த அமரரின் படம், நடுவில் குத்துவிளக்கு. வரிசையின் கடைசியில் தொப்பியும் கிருதாவுமாகத் தர்மராசாவின் படம். படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. கதிரையில் தொப்பியும் கிருதாவுமாகத் தர்மராசா. கும்பிட வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியவில்லை.

ஞானம்மா வந்தாள். பட்டுச்சேலை, அதன்மேல் கம்பளிச் சால்வை, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டிருந்தாள். குடும்பத்தாருக்கு ஒதுக்கிய கதிரையில் இருக்கவில்லை. குடையோடு ஒரு மரத்தின் கீழ் போய் நின்றாள்.

கரிகாலன் ஒலிவாங்கியைப் பிடித்தால் வாய் தானாக ஓடும். "அமரர் தர்மராசா அவர்கள் எம்மை விட்டுப் பிரிந்தாலும், அவர் ஆற்றிய சேவைகள் எம் நெஞ்சங்களில் என்றென்றும் நிலைத்திருக்கும்" என்றார். அமரர் கடலை வடையைக் கடித்துக்கொண்டு கேட்டார். இவ்வளவு நல்லவற்றை உயிரோடு இருந்த காலத்தில் யாரும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை. நெஞ்சு கொஞ்சம் இளகியும் விட்டது.

கயிறிழுத்தலுக்கு அழைத்தார்கள். கலியாணம் செய்தவர்களின் பக்கத்தில் கடைசி ஆளுக்கு இடம் வெறுமையாக இருந்தது. தர்மராசாவின் மகள் சுஜாந்தியோடு வாழும் ரோமன் வந்து நின்றான். நல்ல உடம்பு, வெள்ளைக்காரப் பெடியன்.

"இது சரிவராது" என்று பிரதீஸ் கத்தினான். "ரோமன் கலியாணம் செய்யேல்லை. சேர்ந்து வாழுறதுக்குப் பாக்ஸ்தான் பதிஞ்சது. பாக்ஸ் கலியாணம் இல்லை!"

நடுவருக்கு யாப்பில் பாக்ஸ் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. மரத்தடியிலிருந்து ஞானம்மாவின் குரல் வந்தது: "அவர் என்ரை மருமகன். ஆருக்கு என்ன சந்தேகம்?"

ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ரோமன் கயிற்றை இடுப்பில் சுற்றினான். பலம் இருந்தது, குதிக்கால் இல்லை. விசில் ஊதியதும் சாயாமல் நிமிர்ந்து நின்று இழுத்தான். ஈரப்புல்லில் கலியாணம் செய்தவர்கள் எல்லோரும் கோட்டுக்கு இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கம் சறுக்கிக்கொண்டு போனார்கள். மூன்றில் முதலாவது இழுப்பு போனது.

"பிரபு அண்ணை!" என்று கயிற்றிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பிறகு எல்லோரும்.

தர்மராசா தன் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தவர் எங்கேயும் போகப்போவதில்லை. கிண்ணத்தைப் பார்த்தார். பித்தளைத் தகட்டில் பெயர் அழகாகத்தான் இருந்தது. அதை வாங்குவதற்கு எத்தனை வருடம் ஆசைப்பட்டார். கயிறு சேற்றில் கிடந்தது.

எழும்பினார். படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணை, எழும்பாதேங்கோ" என்று சிவமணி பதறினார். "நீங்கள் அமரர்."

"என்ரை பேரைக் கழட்டு தம்பி."

"கழட்டினால் பிறகு ஒட்டேலாது அண்ணை. யாப்பு..."

அதற்குள் ஞானம்மா குடையோடு வந்துவிட்டாள். கொண்டையூசியை உருவி, தகட்டின் மூலையில் குத்தி, ஒரு நெம்பு. தகடு கழன்று கையில் வந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"இப்ப இது வெறுங்கிண்ணம். இவர் என்ரை மனிசன்" என்றாள். அவர் பக்கம் திரும்பினாள். "மூச்சு வாங்கினால் விட்டிட வேணும். சொல்லிப்போட்டன்."

கரிகாலனுக்குப் புதுச் சொல் வரவில்லை. வந்த சொல்லையே சொன்னார்: "அமரர் தர்மராசா அவர்கள் தற்பொழுது கயிற்றின் கடைசிப் பகுதியை நோக்கி வந்துகொண்டிருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்."

மைதானமே சிரித்தது. அதிகம் சிரித்தவர்கள் பிரதீஸின் அணி. சிரித்த வயிற்றால் இழுக்க முடியாது. இரண்டாவது இழுப்பைக் கலியாணம் செய்தவர்கள் எடுத்தார்கள்.

மூன்றாவதில் யாரும் சிரிக்கவில்லை. தூறல் மழையாகியிருந்தது. தர்மராசா சாய்ந்தார், குதிக்கால் இறங்கியது, தூண் நின்றது. பிரதீஸின் பெடியள் பல்லைக் கடித்தார்கள். கயிறு ஒரு சாண் இங்கே, ஒரு சாண் அங்கே. பிறகு குதிக்காலின் கீழ் மண்ணே கரைந்து போனது. தர்மராசா பொத்தென்று சேற்றில் இருந்தார். இருந்தவாறே கோட்டைக் கடந்து இழுபட்டுப் போனார். தொப்பி எங்கோ போனது. கயிறு நின்றபோதும் அவர் புல்லில் இருந்தபடியே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

ஞானம்மாவின் கையிலிருந்து குடை விழுந்தது. பட்டுச்சேலையோடு சேற்றுக்குள் ஓடினாள். அவர் எழும்பவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு ஆர்ச்சிபால்ட் பிரபுவின் கதை முழுவதும் தெரியும்.

"எழும்புங்கோ! இஞ்சேருங்கோ, எழும்புங்கோ!"

"காற்சட்டை கிழிஞ்சு போச்சு ஞானம்" என்றார் தர்மராசா மெதுவாக. "எல்லாரும் பாக்கினம். உம்மடை சால்வையைத் தாரும், பிறகு எழும்புறன்."

அவள் அவர் தோளில் ஒன்று போட்டாள், பிறகு சால்வையைக் கொடுத்தாள். கம்பளிச் சால்வையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் எழுந்து நின்றார். கட்டம் போட்ட சால்வை. கழிப்பறைக் கதவுக்கு மேலே இருப்பவர் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

கிண்ணம் கலியாணம் செய்யாதவர்களுக்குப் போனது. எடுத்துக் கொடுத்தவர் தர்மராசாதான், சால்வையோடு. பிரதீஸ் அதைத் தூக்கிக்கொண்டு லா சப்பல் முழுவதும் காட்டித் திரிந்தான். தேநீர்க்கடையில் அதற்குள்ளேயே தேநீரை ஊற்றிக் குடித்தான். "என்னடா கிண்ணம், பேர் ஒண்டும் இல்லை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்: "தெரியாதே? பிரபு அண்ணையின்ரை கிண்ணம்."

அது தர்மராசாவின் காதுக்கும் வந்தது. மனிதர் இன்னும் ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகத் தொடங்கினார்.

"ஞானம், அந்தத் தகடு பத்திரமா இருக்கே?"

"இருக்கு. பைக்குள்ளை."

"இல்லை, சும்மா கேட்டனான்."

"அவசரப்படாதேங்கோ" என்றாள் ஞானம்மா, அவருக்கு இன்னொரு கரண்டி பாயாசம் வைத்துக்கொண்டு. "நேரம் வரேக்கை நானே கொண்டுபோய் ஒட்டிவிடுவன்."